முங்கு பந்து

ஒருத்தியைக் கொடுத்து இரண்டு பேரை வாங்கினார்கள். கொடுத்த அந்த ஒருத்தி நான்தான். பெயர் டெல்பின், ஊர் தூத்துக்குடி, அப்போது வயது பத்தொன்பது. ‘வருங்கால நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்துக் கடைசி ஓவர்களைப் பலப்படுத்தியது முத்துநகர் அணி’ என்று செய்தியில் போட்டார்கள். வருங்காலம் என்றால் என்ன தெரியுமா? இப்போதைக்கு உதவமாட்டாள் என்று அர்த்தம். அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பெண்கள் லீக்கில் எங்கள் முத்துநகர் அணி தொடர்ந்து இரண்டு வருடம் கடைசி நான்கு ஓவரில் கோட்டை விட்டது. பதினாறு ஓவர் வரை எதிரணியைக் கட்டிப்போட்டு வைத்திருப்போம். அதற்குப் பிறகு பந்து போட ஆள் கிடையாது, வந்தவள் போனவள் எல்லாம் சிக்ஸர் அடிப்பாள். இத்தனைக்கும் அந்த ஓவர்களுக்கென்றே செய்த மாதிரி ஒரு பந்து என்னிடம் இருந்தது. ஆனால் என் தோள் பிஞ்சுத் தோள், முற்றவில்லை என்று சொல்லி ஆட்டத்துக்கு ஒரு ஓவர்தான் கொடுப்பார்கள்.

அந்தப் பந்துக்கு முங்கு என்று பெயர். கை வேகமாகத்தான் சுற்றும். பந்து மட்டும் மெதுவாக, இடுப்பு உயரத்தில் மிதந்து வரும். இதோ சிக்கிவிட்டது என்று மட்டையைத் தூக்குவாள் எதிரில் நிற்பவள். கடைசி நொடியில் முத்துக்குளிக்கிறவன் தண்ணீருக்குள் முங்குகிற மாதிரி முங்கி அவள் கால் விரலில் போய் விழும். யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை. பதினாறு வயதில் ஒருநாள் தானாக வந்தது. விக்கெட் கீப்பராக நின்று அதை முதலில் பிடித்த புஷ்பம் அக்காதான் அந்தப் பெயரை வைத்தார்.

தங்கபுஷ்பம் என்பது முழுப் பெயர். எங்கள் கேப்டன். பள்ளிக்கூட மைதானத்தில் என்னைக் கண்டுபிடித்து அணிக்குக் கூட்டிவந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் அடுக்களையில் உட்கார்ந்து ஊளி மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா அவரை என் மூத்த மகள் என்றே ஊரெல்லாம் சொல்லுவாள். எனக்கு அக்கா கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நானும் நம்பினேன். நம்பியதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

ஸ்லீவ் போடச் சொன்னதும் புஷ்பம் அக்காதான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிப் பிடிக்கிற மெல்லிய துணி அது. உள்ளே முடியைவிடச் சன்னமான கம்பிகள். பந்து போடும்போது எந்த நரம்பு எப்போது துடிக்கிறது, எந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது என்று எல்லாவற்றையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். தோளுக்குப் பாரம் அதிகமானால் லேசாக அதிரும், உடனே நிறுத்திவிட வேண்டும். அம்மா முதலில் பயந்தாள். பிள்ளையின் கை கெட்டுப்போகக் கூடாது என்றுதானே, தடுப்பூசி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா எடுத்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். மூன்று வருடம் பயிற்சியில் அது இல்லாமல் நான் ஒரு பந்துகூடப் போட்டதில்லை.

கடைசி வாரம் மட்டும் அக்கா ஒரு மாதிரியாக இருந்தார். வழக்கமாக முங்கு நாலைந்து போட்டதும் போதும்ட்டி என்று நிறுத்திவிடுவார். அந்த வாரம் விடவே இல்லை. புதுப் பந்தில் போடு, பழைய பந்தில் போடு, ஈரப் பந்தில் போடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கீப்பிங் பழக்கம் வேண்டும்ட்டி, வயசாகுதுல்லா என்றார். ஸ்லீவ் அதிர்ந்தது. அதிர்ந்தாலும் பரவாயில்லை, அக்கா கேட்கிறாரே என்று போட்டேன். சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, உன்னைக் கொங்கு அணிக்குக் கொடுத்துவிட்டோம், அங்கிருந்து சௌடேஸ்வரி, ரம்லத் என்று இரண்டு மூத்த பந்துவீச்சாளர்கள் நமக்கு வருகிறார்கள் என்றார். அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. வழியனுப்பக்கூட வரவில்லை.

கோயம்புத்தூரில் என்னைக் குறை சொல்ல முடியாத மரியாதையோடுதான் வரவேற்றார்கள். கொங்கு அணியின் மேனேஜர் நல்லசிவம் என்பவர், நெற்றி நிறைய திருநீறு, என் அப்பா வயது. என்னைப் போய் வாங்க போங்க என்று பேசினார். முதல் நாள் வலைப்பயிற்சியில் ஆசையாக ஒரு முங்கு போட்டேன். அம்பயர் இடத்தில் இருந்த கேமரா விசிலடித்தது. நோ-பால். கோட்டைத் தாண்டினேனோ என்று பார்த்தேன், தாண்டவில்லை. இன்னொன்று போட்டேன். மறுபடியும் விசில்.

நல்லசிவம் தயங்கித் தயங்கி வந்தார்.

“அம்மிணி, அந்தப் பந்தை நீங்க போடக்கூடாதுங்க. அது முத்துநகர்காரங்க பேர்ல பதிஞ்சிருக்குதுங்க.”

என் பந்து எப்படி அவர்கள் பேரில் இருக்கும் என்று சண்டைக்குப் போனேன். பாட்டுக்கு உரிமை வைத்திருக்கிற மாதிரி இப்போது பந்துக்கும் இருக்கிறதாம். அணியின் ஸ்லீவில் பதிவான பந்து அணிக்குச் சொந்தம். ஐந்து வருடத்துக்கு வேறு அணியில் யாரும் போடக்கூடாது, போட்டவளே போனாலும் சரி. தங்களுக்கு எதிராகவே அதைப் போட்டுவிடுவாளோ என்று பயந்து பூட்டிவைத்துவிட்டார்கள், போகிறவளின் கையைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

சரி, முங்கு போட முடியாதவளை நீங்கள் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் மனதார, கபடமே இல்லாமல் பதில் சொன்னார்.

“நாங்க பந்தை வாங்கலைங்க, தோளைத்தான் வாங்கியிருக்கறோம். சின்ன வயசுத் தோளுங்க. அதுல வேற ஒருத்தரு பந்தை ஏத்திக்கலாமுங்க.”

அன்றைக்குத்தான் ஸ்லீவின் இன்னொரு பக்கம் தெரிந்தது. அது கேட்க மட்டும் செய்வதில்லை, சொல்லவும் செய்யும். ஒருத்தியின் கையிலிருந்து கேட்டு வைத்ததை இன்னொருத்தியின் தசைக்குள் சின்னச் சின்னச் சுண்டுதல்களாகத் திருப்பிக் கொடுக்கும். ஒன்றரை மாதம் பயிற்சியில் போட்டுக்கொண்டால் கை பழகிவிடும், பிறகு ஸ்லீவே வேண்டாம். எனக்காக ஓய்வுபெற்ற ஒரு பந்துவீச்சாளரின் அவுட்ஸ்விங்கை எடுத்து வைத்திருந்தார்கள். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் புண்ணியவான் வற்புறுத்தவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்.

லீக் தொடங்கியது. முத்துநகர் அணியின் முதல் ஆட்டத்தைக் கொங்கு அணியின் சாப்பாட்டுக் கூடத்தில் டிவியில் பார்த்தோம். மாலை நேரம், ஆளுக்கொரு தட்டில் தோசை. பதினேழாவது ஓவரைப் போட வந்தவள் சௌடேஸ்வரி. எனக்குப் பதிலாகப் போன இருவரில் ஒருத்தி, கூடத்தில் எல்லோருக்கும் பழகியவள், அதனால் ஆளாளுக்குக் கைதட்டினார்கள். ஓடி வருவதற்கு முன் அவள் வலது கைக் கட்டைவிரலால் தொண்டைக் குழியைத் தொட்டாள். பிறகு ஓடி வந்தாள். பந்து மிதந்தது, முங்கியது, ஸ்டம்ப் சாய்ந்தது.

கூடத்தில் யாரும் அந்தக் கட்டைவிரலைக் கவனிக்கவில்லை. என் தோசை தட்டிலேயே கிடந்தது.

நான் கழுத்தில் உத்தரியம் போட்டிருக்கிறேன். முதல் நற்கருணை வாங்கிய அன்று அம்மா போட்டுவிட்டது, மாதா படம் வைத்துத் தைத்த இரண்டு துணித் துண்டு. எந்தப் பந்து போடுவதற்கு முன்னும் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுக்கொள்வேன். சேலத்துச் சௌடேஸ்வரிக்கு உத்தரியம் ஏது? சௌடேஸ்வரி அம்மன் பேரை வைத்துக்கொண்டு அவள் எதற்கு மாதாவைத் தொடுகிறாள்? அடுத்த ஓவருக்கு ரம்லத் வந்தாள். அவளும் ஒன்றுமில்லாத கழுத்தைத் தொட்டாள். ஸ்லீவுக்குப் பக்தி எது, பந்து எது என்று பிரிக்கத் தெரியவில்லை. கண்டதையெல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். கடைசி வாரத்துப் புதுப் பந்து, பழைய பந்து, ஈரப் பந்து எல்லாம் எதற்கு என்று அப்போது புரிந்தது. அக்கா கீப்பிங் பழகவில்லை. மிச்சம் மீதியை வழித்து எடுத்துக்கொண்டிருந்தார். சட்டியைக் கழுவுகிறவள் கடைசியில் விரல் விட்டு வழிப்பாளே, அந்த மாதிரி.

மறுநாள் காலை நல்லசிவத்திடம் போய் அந்த அவுட்ஸ்விங்கை ஏற்றுங்கள் என்றேன். யோசித்துச் சொல்லுங்க அம்மிணி என்றார். யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அவர்களுக்கு வேண்டும் என்றால் எனக்கு வேண்டாம், எச்சில் பட்ட பந்தை எவள் தொடுவாள் என்று ஒரு வீம்பு. ஒன்றரை மாதம் ஸ்லீவ் என் கையைச் சுண்டிக்கொண்டே இருந்தது. அவுட்ஸ்விங் வந்தது. அதோடு பந்து போடுமுன் காற்சட்டையை இடுப்பில் தூக்கிவிடுகிற அந்த ஓய்வுபெற்ற அம்மாளின் பழக்கமும் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் சும்மா நிற்கும்போதுகூடக் கை தானாகப் போய்த் தூக்கும். கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள், நானும் சிரித்துவைப்பேன். ஆனால் விக்கெட் எடுத்தேன். அணி அரையிறுதிக்கு வந்தது. எதிரில் யார் என்று நினைக்கிறீர்கள்? முத்துநகர்தான்.

ஆட்டம் திண்டுக்கல்லில். இரண்டு அணிக்கும் ஒரே விடுதி. காலை உணவு நேரத்தில் புஷ்பம் அக்கா தட்டில் இட்லியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆள் இளைத்திருந்தார். எப்படிட்டி இருக்க, அம்மா சௌக்கியமா என்று கேட்டார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

“எம் பந்துதான் வேணும்னா என்னையே வச்சிருக்கலாம்லாக்கா? எதுக்குத் தொரத்திவிட்டிய?”

அக்கா மழுப்பவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இட்லியைப் பிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார். பத்தொன்பது வயதுத் தோளை வைத்து ஆட்டத்துக்கு ஆறேழு முங்கு போடவிட்டால் இரண்டு வருடத்தில் அந்தத் தோள் போய்விடும். சௌடிக்கும் ரம்லத்துக்கும் முற்றிய தோள், தாங்கும். நான் போட்டால் ஒரு ஓவர், அவர்கள் இரண்டு பேர் போட்டால் கடைசி நான்கு ஓவரும் முங்குதான். அக்காவுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. இந்த வருடத்தை விட்டால் இனிக் கிடையாது.

“அப்ப கடைசி வாரம் நீங்க எங்கிட்ட கேட்டதெல்லாம்?”

“பதிவு பத்தலன்னு சொன்னாவ. எடுத்துக் குடுத்தேன்.”

“என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாக்கா.”

“சொன்னா நீ போட்டிருப்பியாட்டி?” என்றார். பிறகு என் கையைப் பிடிக்க வந்தார், நான் இழுத்துக்கொண்டேன். “உன்ன அனுப்பிட்டோம்னு நெனைக்காத மக்கா. உன்னத்தான் வச்சிக்கிட்டோம். போனது வெறுந்தோளு.”

அதை ஆறுதலாகத்தான் சொன்னார். சத்தியமாக, ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். நம்ப வைத்துக் கழுத்தறுக்கிறவர்கள் கத்தியை மறைத்து வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் எடுத்து மேசைமேல் வைத்து, நல்ல கத்திட்டி, பாரு என்கிறார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டத்தில் நாங்கள் இரண்டாவதாக மட்டை பிடித்தோம். பதினாறு ஓவர் வரை வெற்றி எங்கள் பக்கம்தான் இருந்தது. பிறகு சௌடியும் ரம்லத்தும் மாறி மாறி வந்தார்கள். எங்கள் பெண்கள் மிதந்து வருகிற பந்துக்கு மட்டையைத் தூக்குவதும், ஸ்டம்ப் சாய்வதும், தலையை ஆட்டிக்கொண்டே நடந்து வருவதுமாக இருந்தார்கள். என் பந்தின் அழகை வெளியே உட்கார்ந்து அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். பெருமையாக இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பத்தாவது விக்கெட்டுக்கு நான் இறங்கினேன். எதிர்முனையில் நின்றவள் எப்படியோ ஒரு ஓட்டம் எடுத்து என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். கடைசிப் பந்து. நான்கு ஓட்டம் வேண்டும். பந்து சௌடேஸ்வரி கையில்.

அவள் என்ன போடுவாள் என்று எனக்குத் தெரியும். எப்படி அடிப்பது என்றும் எனக்கு மட்டும்தான் தெரியும். முங்கு போடும்போது இடது கால் விரல் வெளிப்பக்கம் திரும்பும். கை அப்படிச் சுற்றினால் உடம்பு அப்படித்தான் போகும், தடுக்க முடியாது. அந்தக் காலைப் பார்த்தவுடன் இரண்டு எட்டு முன்னால் இறங்கிவிட்டால் முங்குவதற்கு முன்னாலேயே பந்தைத் தூக்கிவிடலாம். இதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான், நான் ஓவருக்கு ஒருமுறை சாதாரண வேகப் பந்தையும் வேண்டுமென்றே காலைத் திருப்பிப் போடுவேன். காலைப் பார்த்து இறங்கி வந்தவள் ஏமாந்து போவாள். அந்தக் கள்ளத்தனம் என் தலைக்குள் இருந்தது. ஸ்லீவ் கையைத்தான் கேட்டது. சௌடியும் ரம்லத்தும் ஒருமுறைகூடப் பொய்யாகக் காலைத் திருப்பவில்லை. லீக் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

புஷ்பம் அக்கா ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து என் முதுகோடு பேசினார். மூன்று வருடம் என் காலைப் பார்த்துக்கொண்டே பந்து பிடித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“ஏட்டி, உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அடிக்காத. ஒருதரம் நீ எறங்கி அடிச்சிட்டன்னா டிவில ஊரே பாக்கும். நாளைலேருந்து எல்லாவளும் அடிப்பா. அஞ்சு வருசம் பொறுத்தன்னா பந்து முழுசா உங் கைக்கே வந்துரும்ட்டி. உந் தோளும் முத்திரும். ஒரு ஆட்டத்துக்காக அதக் கொன்னுராத.”

கோப்பைக்காகத்தான் சொன்னார் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் சொன்னது அத்தனையும் உண்மை. ஐந்து வருடம் கழித்து எனக்கு இருபத்துநான்கு வயதுதான் ஆகும். பொறுத்திருக்கலாம். நான் ஒன்றும் முட்டாள் இல்லை, அந்தக் கணக்கு எனக்கும் புரிந்தது. திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று மூன்று வருடமாக என்னிடம் சொன்ன அதே முகம். அதற்கு மேல் எனக்கு எதையும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

சௌடேஸ்வரி ஓடி வந்தாள். கால் திரும்பியது. இறங்கினேன், தூக்கினேன். பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. எங்கள் பெண்கள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு யாரையும் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

இறுதி ஆட்டத்தில் நாங்களும் தோற்றோம், அதை விடுங்கள். அரையிறுதி முடிந்த அன்று இரவே எல்லாச் சேனலிலும் சௌடேஸ்வரியின் கால் திரும்புவதை வட்டம் போட்டு மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வருட லீக்கில் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த பிள்ளைகள்கூட இறங்கி வந்து முங்கு பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள். நான்காவது ஆட்டத்தோடு முத்துநகர் அதை நிறுத்தியது. பாதி லீக்கில் அந்தப் பந்து எங்களுக்குத் தேவையில்லை என்று உரிமையையும் கைவிட்டது. சௌடேஸ்வரியையும் ரம்லத்தையும் சேர்த்தே கைவிட்டது. புஷ்பம் அக்கா கோப்பை இல்லாமலே ஓய்வுபெற்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாராம், அம்மா சோறு போட்டாளாம், சாப்பிடாமல் அழுதாராம். அவருக்கு எதற்குச் சோறு போட்டாய் என்று அம்மாவிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். என் கோபம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நல்லசிவம்தான் வந்து சொன்னார். முகமெல்லாம் சந்தோஷம்.

“அம்மிணி, இனிமே அந்தப் பந்தை நீங்க தாராளமாப் போடலாமுங்க.”

காலைத் திருப்பி ஏமாற்றுகிற வித்தை தெரிந்தவள் நான் ஒருத்திதானே? மற்றவர்கள் கையில் செத்துப்போன பந்துக்கு என் கையில் இன்னும் உயிர் இருக்கும் என்று ஒரு நப்பாசை. யாரும் இல்லாத காலை நேரமாகப் பார்த்து வலைக்குப் போனேன். ஓடினேன், போட்டேன். அவுட்ஸ்விங் போனது. இன்னொன்று, அதுவும் அவுட்ஸ்விங். நிதானமாக ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தேன். பிடி ஞாபகம் இருந்தது. மற்றது ஒன்றும் இல்லை. கை என் பேச்சைக் கேட்கவில்லை என்றுகூடச் சொல்லமாட்டேன். கேட்டது, என்ன கேட்கிறாய் என்றுதான் அதற்குப் புரியவில்லை. மதியம் வரை போட்டேன். விசிலடிக்கக்கூட யாரும் இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் சௌடேஸ்வரி வந்தாள். வேறு அணி எதுவும் எடுக்கவில்லை. வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆள் வேண்டும் என்று நல்லசிவம் இரக்கப்பட்டுக் கூப்பிட்டிருந்தார். முப்பத்திரண்டு வயது, மெலிந்த உருவம், என்னிடமும் ங்க போட்டுத்தான் பேசுவாள். அவளை நேரில் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டாள். பந்தை வாங்கினாள், நாலு எட்டு ஓடினாள். முங்கு அப்படியே விழுந்தது, நான் பதினெட்டு வயதில் போட்ட மாதிரி.

அவளிடமிருந்து அது போகமாட்டேன் என்கிறதாம். எதைப் போட நினைத்தாலும் அதுதான் வருகிறதாம். உங்க பந்துதானுங்க, நீங்க வேணும்னா பார்த்துப் பார்த்துத் திரும்பப் பழகிக்குங்க என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்து இப்படி இல்லைங்க, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று திருப்பினாள். திருடியவளே வந்து எனக்குச் சொல்லித் தருகிறாளே என்று கோபம் வந்தது. ஆனால் திருடியது அவள் இல்லை. அவளிடம் கேட்காமலே அவள் கைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொஞ்சம் பயிற்சி என்று மட்டும்தான் சொன்னார்களாம்.

நாலைந்து நாள் அப்படிப் போனது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, என் பந்து லேசாக முங்க ஆரம்பித்தது. நான் குதித்தேன். அவளுக்கும் சந்தோஷம்தான், பல் தெரியச் சிரித்தாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அம்மிணி, எனக்கு ஒரு இன்ஸ்விங் இருந்துச்சுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி திருநெல்வேலில நீங்க எனக்கு எதிர்ல ஆடியிருக்கீங்க. அது எப்படி வரும்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?”

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆட்டம் ஞாபகம் இருந்தது. அவள் ஞாபகமே இல்லை. நல்லசிவத்திடம் போய் சௌடேஸ்வரியுடைய பழைய பதிவு ஸ்லீவில் இருக்குமா என்று கேட்டேன். அதையெல்லாம் யாருங்க அம்மிணி எடுத்து வச்சாங்க, சாதாரணப் பந்துங்க என்றார்.

திரும்பி வந்தபோது சௌடேஸ்வரி கையில் பந்தோடு கோட்டருகே நின்றுகொண்டிருந்தாள். என்ன சொன்னாங்க என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறார்களாம் என்று சொன்னேன்.